மாத்திரையை முதலில் வாங்குங்கள் தம்பி

மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டம்பரில் இங்கிலாந்தில் இருக்கிற லெஸ்டருக்குப் படிக்க வருகிறாராம். மூன்று மாதமாக வீகன். மீன், கறி, முட்டையோடு பால், தயிர், நெய்யும் விட்டாச்சு. அறை எங்கே பார்ப்பது, மாதம் எவ்வளவு ஆகும், எந்தக் கடையில் வாங்குவது, உடம்புக்கு ஏதும் வருமா என்று நாலு கேள்வி.

அறையும் வாடகையும் இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் போய் இறங்கியது 2006 ஜனவரி; என் கணக்கு இன்றைக்குச் செல்லாது. எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குத்தான். விடுமுறைக்கு வந்து பாம்பனில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே நெத்திலி காய்கிறது, நேரமும் இருக்கிறது.

நான் போனபோது பெட்டியில் பாதி கருவாடு. முதல் ஞாயிற்றுக்கிழமை வறுத்தேன். புகை மணி அலறியது, வீட்டுக்காரம்மா இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசாமல் சட்டியைத் தூக்கிப் பனியில் வைத்தார். என்னையும் சேர்த்து வைக்காதது புண்ணியம். அப்படிப்பட்டவள் 2013-இல் மீனை விட்டு வீகன் ஆனேன். கூட வேலை செய்தவளோடு ஒரு மாதப் பந்தயமாகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. பாம்பன்காரி மீனை விட்டாளாம் என்று ஊரே சிரித்தது.

இரண்டரை வருடம் ஒன்றும் இல்லை. அப்புறம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. குளிர் என்று நினைத்து இரண்டு சாக்ஸ் போட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்கியது, வைத்த சாவி வைத்த இடத்தில் இல்லை. மருத்துவரிடம் போனால் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மூன்றாம் முறை சண்டை போட்டுத்தான் ரத்தம் எடுத்தார்கள். பி12 என்கிற வைட்டமின் தரைமட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. கால் சரியாக எட்டு மாதம் ஆனது.

இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், ஈரல் பி12-ஐ வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். அதனால் முதல் வருடம் ராஜா மாதிரி இருப்பீர்கள். அதுவுமில்லாமல், கீரையும் பருப்பும் நிறையத் தின்றால் அதிலுள்ள ஃபோலேட் என்கிற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருப்பது தெரியாது. செடியில் பி12 கிடையாது தம்பி. பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆயிரம் வரும். எதையும் நம்பி இருக்க முடியாது. நம் ஊர் சைவக்காரர்களுக்கு அது பாலிலும் தயிரிலும் கிடைத்துவிடுகிறது. நீங்கள் அதையும் விட்டவர். ஆகவே தினம் 10 மைக்ரோகிராம், இல்லையென்றால் வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை. மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், இன்றைக்கே தொடங்குங்கள். அயோடினும் சேர்ந்த மாத்திரையாகப் பாருங்கள். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பு என்றாலே அயோடின் கலந்தது. அங்கே கடை உப்பில் பெரும்பாலும் அது இருக்காது. குளிர்காலத்தில் வைட்டமின் டி வேறு வேண்டும். அது ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்ததாக இருக்கலாம், அட்டையைப் படித்து வாங்குங்கள்.

கடைக்குக் கவலையே வேண்டாம். வீகன் சங்கத்தை 1944-இல் தொடங்கியவர்களில் ஒருவரான டொனால்டு வாட்சனே லெஸ்டரில் இருந்தவர்தான். குஜராத்திக் கடைகள் வரிசையாக உண்டு. ஆனால் அங்கே சைவம் என்றால் நெய், பால், பனீர். கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். பொட்டலங்களில் பால், முட்டை, மீன் எல்லாம் தடித்த எழுத்தில் இருக்கும். வூஸ்டர் சாஸ் என்று ஒன்று, சீஸ் ரொட்டிமேல் ஊற்றுவார்கள். அதில் இருப்பது நம்ம நெத்திலி! சில பீரைத் தெளிய வைப்பது மீனின் காற்றுப்பையால். கூறல் மீன் காற்றுப்பைக்கு நம் கரையில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

நம் ஆட்கள் நிறைய இருக்கிற லண்டன் ஈஸ்ட்ஹாம்காரர்கள் "லெஸ்டரில் என்ன கிடைக்கும்?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபது வருடமாக ஒரே தெருவில் தோசை தின்றுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறோம் என்பார்கள். இன்னொரு கூட்டம் போன வாரம் வீகன் ஆகி, இந்த வாரம் அடுத்தவன் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கும். இரண்டோடும் அளவாகப் பழகுங்கள்.

ஜெல்லியை உறைய வைக்க ஏதாவது வேண்டுமென்றால் அகர் அகர் கேளுங்கள். கீழக்கரையில் நோன்புக்குக் காய்ச்சுகிற அதே கடல்பாசி. எங்கள் சித்தி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கப் போவார். விரலில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டும். திரும்பும்போது விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கியிருக்கும். அந்தப் பாசியிலிருந்துதான் அகர் காய்ச்சுகிறார்கள் என்று சித்திக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. லெஸ்டர் கடையில் ஒரு சின்னப் பொட்டலத்தின் விலையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

அம்மா கூப்பிடுகிறார். எனக்காகத் தனிச் சட்டியில் மீன் போடாத மீன்குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும். புளிக்கரைசலும் மசாலாவும் அதேதான்.

வரும்போது குண்டு மிளகாய் ஒரு கிலோ எடுத்து வாருங்கள், அங்கே கிடைக்காது. எனக்குக் கால் கிலோ.