சின்னப் போட்டிகளில் டென்னிஸ் பிழைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பிள்ளை நன்றாக டென்னிஸ் ஆடுகிறது, அதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா? தொலைக்காட்சியில் பார்க்கும் டென்னிஸை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் போட்டிகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: எம்15, எம்25 என்ற தொடக்கநிலைத் தொழில்முறைப் போட்டிகள், அவற்றுக்கு மேல்படியான சேலஞ்சர் போட்டிகள். பெரும்பாலான ஆட்டக்காரர்களின் வாழ்க்கை அங்கேதான் ஓடுகிறது. சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக இளையர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருபவன் என்ற முறையில், பார்த்ததையும் தெரிந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

மகனுக்கு 17 வயது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்ப நினைக்கிறோம். பரிசுப் பணத்திலேயே செலவைச் சமாளித்துவிடலாம் என்கிறான். முடியுமா? (செங்காங்கிலிருந்து ஒரு தந்தை)

முடியாது. முதல் சில ஆண்டுகளுக்கு நிச்சயமாக முடியாது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எம்15 என்றால் ஆண்களுக்கான, மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க வெள்ளி கொண்ட போட்டி. அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம், அதாவது ஐடிஎஃப், நடத்தும் தொடரின் அடிப்படி அது. ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 2,160 வெள்ளி. இறுதியாட்டத்தில் தோற்றால் 1,272. அரையிறுதியில் தோற்றால் 752. பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் 156. இதிலும் பல நாடுகளில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

இப்போது செலவு. அறை வாடகை நாளுக்கு 60 அமெரிக்க வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏழு நாளைக்கு 420. சாப்பாடு 140. விமானச் செலவை இரண்டு மூன்று வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 250. மட்டைக்கு ஸ்ட்ரிங், துணி துவைப்பு, டாக்சி எல்லாம் சேர்த்து 80. கூட்டினால் 890. அரையிறுதி வரை போன பையனும் அந்த வாரம் கைக்காசு போட்டுத்தான் ஊர் திரும்புகிறான். ஆண்டுக்கு 25 வாரம் ஆடினால் 22,250 அமெரிக்க வெள்ளி ஆகிறது. இதில் பயிற்றுவிப்பாளர் கூடப் போகவில்லை, உடற்பயிற்சி நிபுணர் இல்லை, இங்கே காலாங்கில் தினமும் எடுக்கும் பயிற்சிக்கான கட்டணமும் இல்லை.

ஐடிஎஃப் 2013-ல் எடுத்த கணக்குப்படி, பயிற்றுவிப்பாளர் செலவைச் சேர்க்காமலே, ஆண்களில் உலகத் தரவரிசையில் 336-வது இடத்துக்கு வந்தால்தான் வரவும் செலவும் சமமாயின. பெண்களில் 253. 2018-ல் வந்த சுயேச்சை ஆய்வுக் குழுவின் அறிக்கையும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: கைக்காசு போடாமல் ஆடக்கூடியவர்கள் தரவரிசையின் உச்சியில் இருக்கும் 250, மிஞ்சினால் 350 பேர்தான். பிறகு, ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 2024 முதல், முதல் 250 இடங்களில் இருக்கும் ஆண்களுக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி. 176 முதல் 250 வரை உள்ளவர்களுக்கு அது 2024-ல் 75,000 அமெரிக்க வெள்ளியாக இருந்தது. நல்ல திட்டம், மனதார வரவேற்கிறேன். ஆனால் 600-வது இடத்தில் இருப்பவருக்கு அதில் ஒரு காசும் வராது.

எனவே என் யோசனை இது. இரண்டு ஆண்டுக்கான தொகையை இப்போதே தனியாக ஒதுக்குங்கள். அது திரும்ப வராது என்று வைத்துக்கொண்டு ஒதுக்குங்கள். வீட்டின் மேல் கடன் வாங்காதீர்கள், தங்கையின் படிப்புப் பணத்தில் கைவைக்காதீர்கள். ஒதுக்கிய தொகை எவ்வளவு என்பதை மகனிடமும் சொல்லிவிடுங்கள். காசு கணக்குத் தெரிந்த பையன் அறையைப் பகிர்ந்துகொள்வான், இரட்டையர் ஆட்டத்துக்கும் பெயர் கொடுப்பான், ஜெர்மனியிலும் பிரான்சிலும் டென்னிஸ் மன்றங்களுக்காக ஆடினால் காசு கிடைக்கும் என்பதை அவனே விசாரித்து வருவான். காசுக் கணக்கை மறைத்து வளர்த்த பிள்ளைகள்தான் வெளிநாட்டு ஹோட்டலில் தவித்துப் போகிறார்கள்.

முதல் ஏடிபி புள்ளி எடுப்பது அவ்வளவு கஷ்டமா? ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்தால் போதும் என்கிறார்களே. (ஜூரோங், தொடக்கக் கல்லூரி மாணவர்)

உலகத் தரவரிசையில் பெயர் வர வைக்கும் அந்தப் புள்ளிக்கு ஒரே ஓர் ஆட்டம்தான். ஆனால் அது பிரதானச் சுற்று ஆட்டமாக இருக்க வேண்டும், அங்கே நுழைவதுதான் பாடு.

எம்15 ஒற்றையர் பிரதானச் சுற்றில் 32 இடங்கள். பெரும்பகுதி தரவரிசை உள்ளவர்களுக்குப் போய்விடும். சில இடங்கள் போட்டியை நடத்தும் நாடு தரும் சிறப்பு அனுமதி. மிச்சத்துக்குத் தகுதிச் சுற்றில் மல்லுக்கட்ட வேண்டும். அங்கே ஜெயித்தாலும் ஏடிபி புள்ளி கிடையாது. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டைபிரேக். ஒன்றே கால் மணி நேரம் நன்றாக ஆடியவர் ஐந்து நிமிடத்தில் வெளியே நிற்பார். இதையெல்லாம் தாண்டிப் பிரதானச் சுற்றில் ஒன்று ஜெயித்தால் 1 புள்ளி. அப்புறம் காலிறுதிக்குப் போனால் 2, அரையிறுதிக்கு 4, இறுதிக்கு 8, பட்டத்துக்கு 15. எடுத்த புள்ளி 52 வாரம்தான் நிற்கும். அடுத்த ஆண்டு அதே வாரம் அது கழன்றுவிடும்.

பெயர் கொடுப்பதற்கும் கெடு உண்டு. போட்டி வாரத்தின் திங்கட்கிழமைக்கு 18 நாள் முன்னால் வரும் வியாழன், நம் நேரப்படி இரவு 10 மணி. அந்த இரவில் பையன்கள் கைப்பேசியும் கையுமாக, யார் எந்த ஊருக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். துனிசியாவின் மொனஸ்திர், துருக்கியின் அந்தால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் போன்ற ஊர்களில் வாராவாரம் போட்டி நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரே ஹோட்டலில் மூன்று நான்கு வாரம் தங்கி, விமானச் செலவு ஒன்றோடு ஆடலாம் என்பதால் கூட்டம் அங்கே போகிறது. நம் ஊரிலிருந்து முதலில் தாய்லாந்து, மலேசியா, இந்தோனீசியா பக்கம் பாருங்கள். வெயிலும் புழுக்கமும் நமக்குப் பழகியவை. ஐரோப்பாவிலிருந்து வந்தவர் இரண்டாவது செட்டில் மூச்சு வாங்கும்போது அது நமக்குச் சாதகம்.

மகனுக்குத் தேசிய சேவை (கட்டாய ராணுவ சேவை) குறுக்கே வருகிறதே. ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாமா? (ஈசூன், தாய்)

விண்ணப்பிக்கத் தடை இல்லை, ஆனால் கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள். ஒத்திவைப்புக் கிடைத்தவர்கள் யார் என்று பாருங்கள்: நீச்சல் வீரர்கள் ஜோசஃப் ஸ்கூலிங், குவா செங் வென், கைட்ஃபாயிலிங் வீரர் மேக்ஸ்மிலியன் மேடர். ஒலிம்பிக்ஸ் அளவில் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தரக்கூடியவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள். இளையர் தரவரிசையில் நடுவில் இருக்கும் டென்னிஸ் ஆட்டக்காரருக்கு அந்தக் கதவு திறப்பது மிகக் கடினம்.

இரண்டு ஆண்டு போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். 18 வயதில் உலகத்தின் மற்ற பிள்ளைகள் வாராவாரம் ஆடும்போது நம் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொரியாவில் இரண்டு ஏடிபி பட்டம் வென்ற குவோன் சூன் வூகூட 2025-ல் ராணுவ சேவைக்குப் போனார்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேவைக்கு முந்தைய ஆண்டில் புள்ளிக்காக ஓடிப் பணத்தைக் கரைக்காதீர்கள். அந்தப் புள்ளிகள் 52 வாரத்தில் போய்விடும், மகன் சேவையை முடிக்கும்போது ஒன்றுகூட மிஞ்சாது. அந்தப் பணத்தை முடித்து வந்த பிறகான முதல் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் மூன்று மாதமாவது வெறும் பயிற்சி, அப்புறம்தான் போட்டி. அவசரப்பட்டுத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்ட பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இப்போதே வெளிநாட்டுப் பயிற்சிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தால், சேவைக்கு முன் வெளிநாட்டில் நீண்ட காலம் தங்குவதற்கான நம் அரசாங்க அனுமதியை (எக்ஸிட் பெர்மிட்) முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

மகளுக்கு 15. இந்த ஆண்டே நிறையப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகலாமா? (பொங்கோல்)

நிறைய முடியாது, விதியே விடாது. பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் 14 வயதில் ஆண்டுக்கு 8, 15-ல் 10, 16-ல் 12, 17-ல் 16 என்று உச்சவரம்பு உண்டு. நன்றாக ஆடுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். சின்ன வயதிலேயே உடம்பும் மனசும் நொறுங்கிப்போன பெண் பிள்ளைகளைப் பார்த்த பிறகு வந்த விதி இது. நல்ல விதி.

நம் பக்கத்து நாட்டு அலெக்சாண்ட்ரா ஈலாவைப் பாருங்கள். பிலிப்பீன்ஸ்காரர். 2021 ஜனவரியில் ஸ்பெயினின் மனகோரில் டபிள்யூ15 (எம்15-க்கு இணையான பெண்கள் போட்டி) பட்டம் வென்றபோது வயது 15. மயாமியில், முன்பு உலகின் முதல்நிலையில் இருந்த இகா ஷ்வியான்டெக்கை வென்று அரையிறுதிக்குப் போனது 2025-ல். இடையில் நான்கு ஆண்டு. தென்கிழக்காசியாவிலிருந்து முடியும் என்பதற்கு அவர் சாட்சி. அதே சமயம் 13 வயதிலேயே வீட்டைவிட்டு ஸ்பெயினில் உள்ள ரஃபேல் நடாலின் பயிற்சிக்கூடத்துக்குப் போனவர் என்பதையும் மறக்கவேண்டாம்.

தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு மகளின் இன்ஸ்டகிராமில் கேவலமான செய்திகள் வருகின்றன. போன வாரம் ஒருவன் "முதல் செட்டை விட்டுக்கொடு, பணம் தருகிறேன்" என்றான். அவள் பதில் போடாமல் அழித்துவிட்டாள். விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இன்றே புகார் செய்யுங்கள். இந்தப் பதிலை மற்ற கேள்விகளைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

பணம் தருவதாகச் சொன்ன செய்தியை அனைத்துலக டென்னிஸ் நேர்மை அமைப்பான ஐடிஐஏ-வுக்குத் தெரிவிப்பது ஆட்டக்காரரின் கடமை. மறுத்துவிட்டாலும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே தனிக் குற்றம், அதற்காகவே தடை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அழித்த செய்தியை மீட்க முடிந்தால் மீட்டு, திரையைப் படம் எடுத்து வையுங்கள். அந்தக் கணக்கை முடக்குவது அதற்குப் பிறகு. அப்புறம், டென்னிஸ் மேல் பந்தயம் கட்டக்கூடாது என்ற விதி ஆட்டக்காரருக்கு மட்டும் இல்லை. பயிற்றுவிப்பாளர், கூடவே வரும் குடும்பத்தார் எல்லோரும் அதில் அடக்கம். மாமாவோ சித்தப்பாவோ விளையாட்டுக்காகக்கூடப் பந்தயம் கட்டக்கூடாது.

வசைச் செய்திகள் உங்கள் மகளுக்கு மட்டும் வருபவை அல்ல. பெண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ-வும் ஐடிஎஃப்-பும் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி 2024-ல் 458 ஆட்டக்காரர்களுக்கு ஏறத்தாழ 8,000 வசைப் பதிவுகள் வந்தன. அதில் 40 விழுக்காடு, பந்தயத்தில் பணம் விட்டவர்களின் ஆத்திரம். 156 வெள்ளிக்கு ஆடும் பிள்ளையின் ஆட்டத்தில், எங்கோ ஒரு நாட்டில் எவனோ அதைவிடப் பல மடங்கு பணம் கட்டியிருக்கிறான். மிகக் கீழ்மட்டப் போட்டிகளின் உடனடிப் புள்ளி விவரங்களைப் பந்தய நிறுவனங்களுக்கு விற்பதை நிறுத்தச் சொல்லி 2018 அறிக்கை பரிந்துரைத்ததே, அது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வீட்டில் ஒன்று செய்யலாம்: ஆட்ட நாட்களில் அவள் கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அசிங்கத்தை 15, 16 வயதுப் பிள்ளை படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் போனால் டென்னிஸ் போச்சு என்கிறார் உறவினர். (தெம்பனிஸ்)

போகாது. உலகின் முதல் பத்துக்குள் வந்த கேமரன் நோரி, பென் ஷெல்டன் இருவரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். நம்மவர் ஒருவரைச் சொல்கிறேன்: மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், 2025 செப்டம்பரில் டேவிஸ் கிண்ணத்தில் சுவிட்சர்லாந்து மண்ணிலேயே அவர்களை இந்தியா வென்றபோது முன்னால் நின்றார். உபகாரச் சம்பளம், நல்ல திடல், மருத்துவ உதவி, வாராவாரம் சமமான எதிராளி, கையில் பட்டம். என் கணிப்பில் சிங்கப்பூர்ப் பையன்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் சரியான வழி.

எனக்கு 25. உலகத் தரவரிசையில் உச்சமாக 700-க்குள் வந்தேன், இப்போது 900-க்கு வெளியே. நண்பர்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். நிறுத்திவிடலாமா?

தம்பி, நிறுத்து என்றோ ஆடு என்றோ ஒரு வரியில் சொன்னால் அது பொறுப்பற்ற பதில். உங்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன்.

சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். முழங்கால் காயத்தால் பல ஆண்டுகள் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தவர். முதல் நூறுக்குள் வந்தது 2019-ல், 29 வயதில். அதே ஆண்டு 75-வது இடம். சுமித் நாகல், 2023-ல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பொதுவிருதில் தகுதிச் சுற்றைத் தாண்டி, அந்தப் போட்டியின் தரநிலைப் பட்டியலில் (சீடிங்) 31-வதாக இருந்த அலெக்சாண்டர் பூப்லிக்கைத் தோற்கடித்தார். 1989-ல் நம் ரமேஷ் கிருஷ்ணனுக்குப் பிறகு, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் அப்படித் தரநிலை பெற்ற ஆட்டக்காரரை வென்ற முதல் இந்திய ஆண் அவர்தான். இரண்டாம் சுற்றுக்கு வந்ததற்கே 180,000 ஆஸ்திரேலிய வெள்ளி.

ஆனால் இருவரும் அதற்கு முன்பே சேலஞ்சர் மட்டத்தில் ஜெயிக்கக்கூடியவர்கள் என்று காட்டியிருந்தார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அதுதான். கடந்த 18 மாதத்தில் முதல் 400-க்குள் இருக்கும் எத்தனை பேரை வென்றீர்கள்? தோற்ற ஆட்டங்களில் எத்தனை கடைசி செட் வரை போயின? ஒரு தாளில் எழுதுங்கள். நாலைந்து பேராவது அந்தப் பட்டியலில் இருந்தால் இன்னோர் ஆண்டு ஆடுங்கள், கணக்கோடு ஆடுங்கள். எம்15-ஐக் குறைத்து எம்25-க்குப் போங்கள். அங்கே பட்டத்துக்கு 25 புள்ளி, இறுதிக்கு 16. பட்டியல் காலியாக இருந்தால், இரட்டையரில் முழுக் கவனம் வைக்க முடியுமா என்று பாருங்கள். கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி அந்த வழியில்தான் போபண்ணாவோடு பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரை போனார்.

இரண்டும் இல்லையென்றால், நிறுத்துவது தோல்வி ஆகாது. ஒரு வேலையில் உலகத்தின் முதல் 700 பேருக்குள் வந்தவர் நீங்கள். பயிற்றுவிப்பாளர் சான்றிதழை ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஸ்ட்ரிங் செலவைக் குறைக்க வழி?

200 மீட்டர் சுருளாக வாங்குங்கள், பதினாறு மட்டை கட்டலாம். மட்டை கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் அறுந்தால்தான் மாற்றவேண்டும் என்று இருக்காதீர்கள். இழுவை போன ஸ்ட்ரிங்கோடு ஆடினால் முழங்கை பதில் சொல்லும்.

இந்த மட்டப் போட்டிகளை நேரில் பார்க்க ஆசை. சிங்கப்பூரில் நடக்கிறதா?

ஐடிஎஃப் போட்டிகள் இங்கே நடந்ததுண்டு, எல்லா ஆண்டும் இருக்காது. ஐடிஎஃப் இணையத்தளத்தின் நாட்காட்டியில் நாடு வாரியாகத் தேடலாம். பெரும்பாலும் நுழைவுச்சீட்டே கிடையாது. முடிந்தால் தகுதிச் சுற்று நாட்களிலேயே போங்கள், திடலுக்கு இரண்டடி தள்ளி நின்று பார்க்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு புள்ளியையும் கைப்பேசியில் யாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். பந்தயக்காரர்களுக்காக அப்படிச் செய்பவர்களை அதிகாரிகள் தேடிப் பிடித்து வெளியேற்றுகிறார்கள், உங்களையும் அப்படி நினைத்துவிடக்கூடும்.