கேமுக்கு என்ன விலை வைப்பது? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கல்லடியில் வீட்டிலிருந்தே தனியாளாகக் கணினிக் கேம் செய்து ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்கிறேன். இரண்டு கேம் வெளியிட்டாயிற்று. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

மருதமுனையிலிருந்து: வாப்பா கைத்தறிச் சாரி நெய்கிறவர். நூல், சாயம், கூலி, மேலே கொஞ்சம் லாபம், விலை வந்துவிடும். கேமுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

அந்தக் கணக்கு இங்கே சரிவராது தம்பி. இரண்டாவது சாரிக்கு வாப்பா மறுபடி நூல் வாங்க வேண்டும், கேமின் இரண்டாவது பிரதிக்கு உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. அதனால் வாங்குகிறவர் உங்கள் கேமை எதோடு ஒப்பிடுவார் என்றுதான் பார்க்க வேண்டும். தோட்டம் செய்யும் கேம் என்றால் எல்லோரும் ஸ்டார்டியூ வேலியைத்தான் நினைப்பார்கள். ஒரே ஆள் செய்தது, 2016இல் 14.99 டொலருக்கு வந்தது, எத்தனையோ பெரிய அப்டேட் கொடுத்த பிறகும் விலை ஏறவில்லை. உங்களுடையதைப் போன்ற பத்துக் கேம்களின் விலையை ஒரு கொப்பியில் எழுதுங்கள், உங்கள் இடம் எதுவென்று தெரிந்துவிடும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: அண்ணா, முதல் கேம், என்னை யாருக்கும் தெரியாது. 1.99 வைத்தால் நிறையப் பேர் வாங்குவார்கள்தானே?

வேண்டாம், தங்கச்சி. என் முதல் கேமுக்கு நானும் கூச்சத்தில்தான் 2.99 வைத்தேன், விலையைப் பார்த்து அரைகுறைக் கேம் என்று நினைத்துவிட்டதாக ஒருவர் விமர்சனத்திலேயே எழுதினார். அது இன்னும் மனதில் இருக்கிறது. ஸ்டீமில் உங்கள் கேமின் பக்கத்தையே பார்க்காத ஆள் 1.99 என்றாலும் வாங்கமாட்டார், பார்த்துப் பிடித்துப்போனவர் 7.99 என்றாலும் விஷ்லிஸ்டில், அதாவது பிறகு வாங்க நினைப்பவற்றின் பட்டியலில், போட்டுவிட்டுக் காத்திருப்பார். நீங்கள் 20 வீதமோ அதற்கு மேலோ கழிவு போடும்போது விஷ்லிஸ்டில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும், சின்னக் கேம்களுக்கு அந்த மின்னஞ்சல்தான் உயிர். 1.99இலிருந்து எங்கே இறக்குவீர்கள்?

விலையை இறக்குவது லேசு, ஏற்றுவது கஷ்டம். வாம்பயர் சர்வைவர்ஸ் என்ற கேம் 2.99இல் தொடங்கி 2022இல் முழுதாக வெளிவந்தபோது 4.99 ஆனது உண்மை, ஃபக்டோரியோ என்ற கேம் கழிவே போடாமல் 20, 30, 35 டொலர் என்று ஏறியதும் உண்மை. ஆனால் அவற்றைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நமக்கு அந்த நிலைமை இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: 10 டொலருக்கு விற்றால் கைக்கு எவ்வளவு வரும்?

ஐரோப்பாவில் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது. 20 வீத வரி என்றால் 8.33 மிஞ்சும், அதில் ஸ்டீம் 30 வீதம் எடுத்தால் 5.83. பாதி விலைக் கழிவில் விற்றால் மூன்று டொலருக்கும் குறைவு. அமெரிக்க விற்பனைக்கு அங்கே வரி பிடிப்பார்கள், இலங்கைக்கு அமெரிக்காவோடு வரி ஒப்பந்தம் இருப்பதால் ஸ்டீமில் கொடுக்கும் வரிப் படிவத்தைக் கவனமாக நிரப்புங்கள், இல்லாவிட்டால் 30 வீதம் போய்விடும். கேமை ஸ்டீமில் போடத் தொடக்கத்தில் கட்டும் 100 டொலர், விற்பனை 1000 டொலரைத் தாண்டினால் திரும்பி வரும்.

ஏறாவூரிலிருந்து: முதல் நாளே கழிவு போடலாமா?

போடலாம், 40 வீதம் வரை விடுவார்கள், 10 அல்லது 15 போதும். அது முடிந்து 30 நாளைக்கு வேறு கழிவு போட முடியாது.

வந்தாறுமூலையிலிருந்து: என் கேம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். எல்லோரும் விளையாடி முடித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்டால்?

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்கலாம், சிலர் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காக நல்ல கதையை இழுத்து நீட்டாதீர்கள். 4.99 அளவில் வையுங்கள், கேம் எவ்வளவு நேரம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், தெரிந்து வாங்கியவர் பெரும்பாலும் திருப்பமாட்டார்.

திருக்கோவிலிலிருந்து: அண்ணா, டொலர் விலையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்படி வாங்குவார்கள்?

இந்தக் கேள்வி வந்ததில் சந்தோசம். ஸ்டீமில் இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், பங்களாதேஷ் போன்ற நாடுகளுக்குத் தென்னாசியா என்று தனி விலை இருக்கிறது. டொலரில்தான், ஆனால் அமெரிக்க விலையை விடக் குறைத்தே பரிந்துரைப்பார்கள். அந்தக் கட்டத்தை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள், நான் பரிந்துரையிலும் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன். வங்கிக் காட் இல்லாத பிள்ளைகளுக்கு என்னிடம் உள்ள இலவசக் கீகளை, அதாவது ஸ்டீமில் போட்டால் கேம் கிடைக்கும் குறியீடுகளை, கொடுக்கிறேன், கல்லடிப் பக்கம் வந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.