குளிசையை வெட்டி யாருடைய கடனைக் கட்டுகிறீர்கள்?

கேள்வி: களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 34. நான்கு வருடமாக லூபஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்; சிறுநீரகத்தையும் தாக்கிவிட்டது. போன மாதம் பிரஷர் 210/120 ஏறி, கண் மங்கி, எட்டு நாள் வார்டில் கிடந்தேன். வீட்டு வருமானம் 62,000. கணவரின் தம்பி ஆட்டோ வாங்க என் பெயரில் நுண்கடன் எடுத்தோம். அவர் கட்டுவதில்லை, கிழமைக்கு 3,600 நாங்களே கட்டுகிறோம், இன்னும் 40 கிழமை இருக்கிறது. வெளியில் வாங்கும் பிரஷர் மருந்துக்கு மாதம் 9,000. மூன்று மாதமாகக் குளிசையை பிளேடால் வெட்டி, மீதிப் பாதியைப் பால்மா டின்னில் சேர்க்கிறேன். மாதம் 5,000 கட்டும் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அவர்கள் பெரும்பாலும் காசு தர மாட்டார்கள். நோயை மறைத்துப் படிவம் நிரப்பினால், கேட்கும் நாளில் அதையே சொல்லிக் கைவிரிப்பார்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் மட்டும் மிச்சம்.

எனக்குப் பயம் அந்த டின்னில்தான். மாதம் 4,500 வீதம் மூன்று மாதத்தில் 13,500 மிச்சம் பிடித்தீர்கள். சரி, எட்டு நாள் கணவர் வேலைக்குப் போகவில்லை; நாள் கூலி 3,000 என்றாலும் 24,000. வாகனம், சாப்பாடு என்று இன்னொரு 10,000. லூபஸ் சிறுநீரகத்தைக் கெடுக்க பிரஷர் ஏறுகிறது, ஏறிய பிரஷர் மிச்சச் சிறுநீரகத்தையும் தின்கிறது. மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் வரைக்கும் போனால் பொதுவாகக் கிழமைக்கு மூன்று நாள் போகும். அப்புறம் யார் உழைப்பது?

வெட்டுவது டொக்டருக்குத் தெரியாது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னொன்றை எழுதுவார், செலவு இன்னும் கூடும். அடுத்த கிளினிக்குக்கு டின்னையே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிற குளிசைக்கு மாற்ற முடியுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். லூபஸுக்கு ஸ்டீரொய்டு குளிசை தந்திருந்தால் அதையும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், அது ஆபத்து.

இனி கடன். மாதம் 14,400, ஐந்து கிழமை வரும் மாதம் 18,000. மொத்தம் 1,44,000 பாக்கி. நுண்கடன் குழுக் கூட்டத்தில் மற்றப் பெண்கள் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்று கட்டுகிறீர்கள், தெரிகிறது. ஆனால் ஆட்டோ ஓடுகிறது, வாடகை தம்பிக்கு. இதை நீங்கள் கேட்க வேண்டாம், கணவர் கேட்கட்டும்: நாளுக்கு 600 ஆறு நாள் கொடுத்தால் கிழமைக் காசு சரி. முடியாதென்றால் ஆட்டோவை விற்றுக் கடனை அடைக்கட்டும். மாமியார் இரண்டு நாள் பேசாமல் இருப்பார், இருக்கட்டும். இதற்காகத் தோட்டை அடகு வைக்காதீர்கள்.

திரும்பவும் தலையிடியோடு கண் மங்கினால் காசை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.