பழைய ஒளிப்படங்களின் வழியே யாழ்ப்பாண நகரத்தின் காலனித்துவக் காலத்தை அறிவது எப்படி?

புலம்பெயர் நாட்டில் வளர்ந்த தங்களுக்கு, இணையத்தில் கிடைக்கும் பழைய யாழ்ப்பாணப் படங்களைப் பார்க்கும்போது "அழகாக இருக்கிறது" என்பதற்கு மேல் எதுவும் புலப்படவில்லை என்றும், அவற்றை எப்படி வாசிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பழைய படங்களையும் அஞ்சலட்டைகளையும் நீண்ட காலமாகச் சேர்த்துவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். படம் பிடித்தவர் எதைக் காட்ட விரும்பினாரோ அதை முதலில் ஒதுக்கிவிட்டு, அவர் கவனியாமல் படச்சட்டத்துக்குள் வந்து விழுந்தவற்றைப் பாருங்கள். அதன் பின்னர், அவர் ஒருபோதும் நுழைந்திராத வீடுகளில் எடுக்கப்பட்ட படங்களைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள்.

காலனித்துவக் காலப் படங்களில் நீங்கள் காணும் யாழ்ப்பாணம் மிகச் சிறியது. கோட்டை, அதனுள்ளிருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தேவாலயம், முற்றவெளி என்ற திறந்தவெளி, மணிக்கூட்டுக் கோபுரம், கச்சேரி எனப்படும் அரசாங்கச் செயலகம், பழைய பூங்கா, ஐரோப்பிய வழிவந்த பறங்கியரின் வீடுகள் நிறைந்திருந்த பிரதான வீதி என்று, ஒரு மாலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய பரப்புக்குள்ளேயே கமெரா திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. இதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் பெயர்பெற்ற ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே ஆகிய படநிறுவனங்கள் கொழும்பையும் கண்டியையும் தளமாகக் கொண்டிருந்தன. அவர்களிடம் படம் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் தோட்டத்துரைமாரும் கப்பலில் வந்திறங்கிய பயணிகளும்தான். யாழ்ப்பாணமோ எட்டாத ஊர். 1905 தொடக்கத்தில் இளம் ஆங்கிலேய அதிகாரியாக இங்கு பணியேற்க வந்த, பின்னாளில் எழுத்தாளரான லெனாட் வூல்ஃப், அனுராதபுரம் வரைதான் புகையிரதத்தில் வர முடிந்தது. அதற்கு மேல் பயணத்தை மாட்டுவண்டியில் தொடர்ந்தார். அதனால் கண்டிக்கு நூறு படம் இருந்தால் எங்களுக்கு நாலைந்துதான் தேறும் என்பது என் அனுபவம்.

ஒரு படத்தின் காலத்தைக் கணிக்க, ஊரிலுள்ள கட்டடங்களே போதிய அளவு உதவும். வேல்ஸ் இளவரசர் 1875 இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் 1882 இல் நிறைவுற்றது. ஆகவே கோபுரம் தெரியும் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. புகையிரதப் பாதையின் காங்கேசன்துறை – சாவகச்சேரிப் பகுதி 1902 இல் திறக்கப்பட்டது. கொழும்புடனான முழு இணைப்பு 1905 இல் கிடைத்தது. பொது நூலகத்தின் குவிமாடம் தெரிந்தால் அது காலனித்துவக் காலப் படமே அன்று; அந்தக் கட்டடம் 1959 இல்தான் திறந்துவைக்கப்பட்டது. முகநூலில் "ஆங்கிலேயர் கால யாழ்ப்பாணம்" என்று பரவும் சில படங்களை இந்த ஒரு சோதனையிலேயே தள்ளிவிடலாம். ஆனால் அஞ்சலட்டைகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே கண்ணாடித் தகட்டிலிருந்து ஆண்டுக்கணக்காக அட்டைகளை அச்சிட்டு விற்றார்கள். ஆகவே தபால் முத்திரையிலுள்ள திகதி, படம் அதற்குப் பிந்தியதல்ல என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு, அக்காலத்து நகரம் ஆளரவமற்றது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கண்ணாடித் தகட்டில் பூசிய இரசாயனம் காயுமுன் படம் பிடிக்கும், 1880கள் வரை பரவலாக இருந்த ஈரத்தகட்டு முறையில் ஒரு படத்துக்குப் பல வினாடிகள் தேவைப்பட்டன. அந்த நேரத்தில் நடந்து சென்றவர் தகட்டில் பதியவேமாட்டார், நின்ற வண்டியும் படுத்திருந்த மாடும் மட்டும் துல்லியமாக விழும். வீதி ஓரத்தில் புகைபோல ஏதாவது தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு மனிதர். நிழலைக் கொண்டு திசை காண்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் இறுதி வரை உச்சிச் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். இது தெரியாவிட்டால் கோட்டையின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதே தலைகீழாகிவிடும்.

என்னிடமுள்ள அஞ்சலட்டைகளில் ஒன்று கோட்டை அகழியின் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, கையால் நிறம் தீட்டி அச்சிடப்பட்டது. அக்கால இலங்கை அட்டைகளில் கணிசமானவை ஜேர்மனியில் அச்சாகின. நிறம் தீட்டியவர் பனையைக் கண்டறியாதவர் போலும். அகழிக்கு அப்பால் தெரியும் ஓலைக் கூரைகளுக்கெல்லாம் ஓட்டுச் சிவப்பைப் பூசிவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அந்தச் சிவப்பின் அடியில் ஓலைகளின் ஒழுங்கற்ற நுனிகளும், வேலியின் கிடுகு வரிசையும் தெளிவாகத் தெரிகின்றன. நிறத்தை நம்பி எழுதினால் கோட்டையைச் சுற்றி ஓட்டு வீடுகள் நிறைந்த ஒரு நகரத்தை நாம் கற்பனை செய்துவிடுவோம். இதனாலேயே, வர்ணப் படமும் அதன் கறுப்பு வெள்ளை மூலமும் கிடைத்தால் நான் எப்போதும் கறுப்பு வெள்ளையையே நம்புகிறேன். இன்றைய கணினி தானாகப் பூசும் நிறத்துக்கும் இதே விதிதான்.

கோட்டையைப் பொறுத்தவரை படங்கள் வேறொரு வகையிலும் பெறுமதியானவை. போர்த்துக்கேயரின் நாற்சதுரக் கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டி, வெளி அரண்களை 1792 இல்தான் முடித்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். உள்ளே 1706 இல் எழுந்த சிலுவை வடிவத் தேவாலயம் 1990க்குப் பின் இடிபாடாகிவிட்டது. இன்று அங்கே போகிறவருக்குக் கற்குவியல்தான் தெரியும்; அதன் கூரை எப்படி இருந்தது, யன்னல்கள் எத்தனை பெரியவை என்பதற்குப் படங்களும் வரைபடங்களுமே சாட்சி. சாந்து உதிர்ந்த சுவர்களைக் காட்டும் படங்களில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வெளியே தெரிவதையும் பாருங்கள். ஐரோப்பியப் பாணி என்று நாம் சொல்லும் அந்தக் கட்டடம், எங்கள் கடலோரத்துக் கல்லால் ஆனது.

நகரத்தை விட்டு வெளியே வந்த படக்காரர்கள் தவறாமல் பிடித்த காட்சி, கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் துலா மிதித்தல். ஆடுகாலில் பொருத்திய நீண்ட துலாவின் மீது இருவர் மூவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் நீர் மொள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் நீரைக் கவிழ்ப்பார். அவர்கள் அதை ஒரு விநோத வித்தையாக நினைத்துப் பிடித்தார்கள். ஆனால் படத்தின் ஓரத்துக்குப் போனால், பாத்தி கட்டிய தோட்டமும் அதில் அகன்ற இலையுடன் புகையிலையும் நிற்பதை அடிக்கடி காணலாம். திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலைதான் குடாநாட்டுக்குப் பணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணத்துக்குப் பின்னாலிருந்த உழைப்பு எத்தனை பேருடையது, அவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள், மேலாடை இருந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கே பதிந்திருக்கிறது.

கச்சேரி முன்றலில் எடுக்கப்பட்ட குழுப்படங்கள் இதற்கு நேரெதிரானவை. அவற்றில் எதுவுமே தற்செயலானது அன்று. டைக், துவைனம் போன்ற ஆங்கிலேய அரசாங்க அதிபர்கள் பல பத்தாண்டுகள் இந்த மாகாணத்தை ஏறக்குறையச் சிற்றரசர்களைப் போல நடத்தியவர்கள். டைக் 1829 முதல் 1867 வரை பதவியில் இருந்தார். அத்தகைய ஆட்சியின் அமைப்பை அறிய, குழுப்படத்தில் யாருக்குக் கதிரை, யார் நிற்கிறார், உள்ளூர்த் தலைமைக்காரரான மணியகாரரும் உடையாரும் எந்த வரிசையில், தலைப்பாகையும் மேற்சட்டையும் யாருக்கு என்பதைப் பார்த்தாலே போதும். அடிக்குறிப்பில் ஐரோப்பியரின் பெயர்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஏனையோர் "சுதேசத் தலைமைக்காரர்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

1816 இல் வந்த கிறித்தவ அமெரிக்க மிசனின் படங்களையும் விட்டுவிடாதீர்கள். உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை என்று நகரத்துக்கு வெளியேயுள்ள ஊர்களை அவற்றில்தான் காணலாம். ஆனால் நன்கொடையாளருக்குக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டவை என்ற நினைவு இருக்கட்டும். பிள்ளைகள் மிகவும் துப்புரவாக இருப்பார்கள்.

இனி வீட்டுப் படங்கள். இவற்றில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது செத்தவீட்டுப் படம். சவப்பெட்டியைச் சற்றே சரித்து வைத்து, சுற்றிலும் உறவினர் நிற்க, ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுக்கும் வழக்கம் எங்களிடம் நீண்ட காலம் இருந்தது. தலைமாட்டில் யார், பெண்கள் எந்தப் பக்கம், பின்னால் தெரிவது நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டிய நாற்சார் வீட்டின் முற்றமா ஓலைத் திண்ணையா, யார் வேலியோரத்தில் ஒதுங்கி நிற்கிறார் என்பவற்றிலிருந்து ஒரு குடும்பத்தின் வசதியும் உறவும் சாதியொழுங்கும் விளங்கும். இத்தகைய அல்பங்கள் 1995 ஒக்ரோபர் இறுதியில் போரினால் நகரம் உள்ளிட்ட வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது ஏராளமாக அழிந்தன. எஞ்சியவற்றில் ஒரு பகுதி இன்று கனடாவிலும் இலண்டனிலும் உங்களைப் போன்றோரின் வீடுகளில் இருக்கிறது.

தேடுவதற்கு, நூலக நிறுவனத்தின் இணைய நூலகமும் அதன் ஆவணகமும் முதலிடம். அதன் பின் பிரித்தானிய நூலகம், கேம்பிரிட்ஜிலுள்ள றோயல் கொமன்வெல்த் சங்கத்தின் சேகரிப்பு, லெய்டன் பல்கலைக்கழக நூலகம் ஆகியவை. மிசன் படங்களில் வட்டுக்கோட்டையை "பட்டிகோட்டா" (Batticotta) என்றும் தெல்லிப்பழையை "டில்லிபள்ளி" (Tillipally) என்றும் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்திலேயே தேட வேண்டும். உங்கள் வீட்டு அல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்காமல், பக்கத்தோடு சேர்த்து 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். தனியாக உள்ளவற்றுக்குப் பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும், பென்சிலில் யாரோ எழுதிவைத்த பெயரும் அங்கேதான் இருக்கும். அம்மம்மா, பெரியம்மா யாராவது இருந்தால், அவர்களைப் படத்துக்கு முன் இருத்தி, ஒவ்வொரு முகமாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். இதை மட்டும் அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்க வேண்டாம்.