கேட்டதும் சொன்னதும்: ஐந்து வெள்ளி வரும் மாதம்

கேள்வி: அக்கா, லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம்) எடுக்கிறேன். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு கிழமை 12 மணித்தியாலம், மறு கிழமை 30. வெள்ளிக்கு வெள்ளி சம்பளம். ஒவ்வொரு முறையும் நான்தான் கணக்குக் காட்ட வேண்டுமா? பிழையாகச் சொல்லி, பிறகு காசைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம்.

பதில்: தங்கச்சி, கிழமைக்குக் கிழமை நீங்கள் ஒன்றும் காட்டத் தேவையில்லை. வேலைக்குச் சேர்ந்ததை மட்டும் ஆன்லைன் கணக்கில் உடனே பதிந்துவிடுங்கள். சம்பளம் போடும்போதே முதலாளி அந்தத் தொகையின் விவரத்தை வரித் திணைக்களத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து அது யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போய்விடும். சுயதொழில் என்றால் கதை வேறு, மாதாமாதம் நீங்களேதான் சொல்ல வேண்டும்.

உங்களைக் குழப்பப்போவது மாதக் கணக்கு. உங்கள் மதிப்பீட்டு மாதம், அதாவது உதவிப்பணத்தைக் கணக்கிட அவர்கள் எடுக்கும் மாதம், 12ஆம் திகதி தொடங்கினால் அடுத்த மாதம் 11இல் முடியும். எப்போது உழைத்தீர்கள் என்று பார்க்க மாட்டார்கள், சம்பளம் எந்த நாளில் விழுந்தது என்றுதான் பார்ப்பார்கள். சில மாதத்தில் நாலு வெள்ளி வரும், சிலதில் ஐந்து. வரி, பென்ஷன் எல்லாம் போகக் கிழமைக்கு 200 பவுண் என்று வையுங்கள்: ஒன்றில் 800, மற்றதில் 1,000. பிள்ளைகள் இருப்பதால் சம்பளத்தில் முதல் ஒரு தொகையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுணுக்கும் உதவிப்பணத்தில் 55 பென்ஸ் வெட்டு. ஆக அந்த ஐந்தாவது வெள்ளி 200 தந்துவிட்டு 110ஐக் கொண்டுபோகும். அதுவும் உடனே தெரியாது. மதிப்பீட்டு மாதம் முடிந்து 7 நாளில் காசு வரும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த 200 செலவாகியிருக்கும்!

நான் பட்டதைச் சொல்கிறேன். கடையில் நின்ற காலத்தில் எனக்கு நாலு கிழமைக்கு ஒருக்கால் சம்பளம். வருசத்துக்கு 13 சம்பளம், மதிப்பீட்டு மாதமோ 12தான். ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்துவிட்டது. சந்தோஷத்தில் பிள்ளைக்குக் குளிர்கோட்டு, சப்பாத்து எல்லாம் வாங்கினேன். அடுத்த முறை கணக்கைத் திறந்தால் யூனிவர்சல் கிரெடிட் பூச்சியம். வீட்டு வாடகைக்கு என் அக்காவிடம் கைமாற்று. யாரும் பிழை விடவில்லை, கலண்டரை நான்தான் பார்க்கவில்லை.

நீங்கள் இன்றிரவே கலண்டரை எடுத்து, உங்கள் ஒவ்வொரு மதிப்பீட்டு மாதத்துக்குள்ளும் வரும் வெள்ளிகளை எண்ணுங்கள். ஐந்து வரும் மாதத்தில் நூறு பவுணையாவது ஒதுக்கி வையுங்கள்.

பேஸ்லிப் (சம்பளச் சீட்டு) ஒன்றையும் எறியாதீர்கள். காசு வருவதற்கு முன் கணக்கில் ஒரு விவரம் காட்டுவார்கள். அதில் உள்ள சம்பளத்தையும் பேஸ்லிப்புகளின் கூட்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் ஜர்னலில், அதாவது ஆன்லைன் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதும் பகுதியில், அன்றைக்கே எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னாலும் சரி, ஜர்னலிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். கவுன்சில் டாக்ஸில் (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி) கழிவு எடுக்கிறீர்கள் என்றால் கவுன்சிலுக்கும் புது வேலையைத் தனியாகச் சொல்லுங்கள்.