ஃபீனிக்ஸிலிருந்து டாலஸுக்கு: மனநல நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கும் மகளின் லைசென்ஸ் பற்றி ஒரு தந்தைக்கு

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகள் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் மூன்று வருடமாக மனநல நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது மேற்படிப்பு முடித்து நோயாளிகளுக்கு மருந்தும் எழுதும் நர்ஸாக, வேலை பார்க்கிறார். மருமகனுக்கு டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் வேலை அமைந்துவிட்டது. ஜூனில் வீடு மாற வேண்டும். "அமெரிக்கா ஒரே நாடுதானே, லைசென்ஸ் கையில் இருக்கிறவள் ஏன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் மகள் அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை. படித்த படிப்பும், நர்ஸ்களுக்குச் சான்றிதழ் தரும் ஏஎன்சிசி அமைப்பு நடத்தும் தேசியத் தேர்வில் வாங்கிய சான்றிதழும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும். அந்தச் சான்றிதழை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மாறுவது மாநிலம் தரும் அனுமதி. நம் ஊரிலும் அப்படித்தானே? தமிழ்நாடு நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்தால் அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டியிருக்கிறது.

ஆனால் ஐயா, விண்ணப்பம், கட்டணம், கைரேகை இவையெல்லாம் பொறுமையாகச் செய்தால் முடிந்துவிடும். எனக்குக் கவலை வேறு இடத்தில். அரிசோனாவில் உங்கள் மகள் செய்த வேலையும் டெக்சாஸில் செய்யப்போகும் வேலையும் சட்டப்படி ஒன்றல்ல. இதை இப்போதே புரிந்துகொண்டு வேலையைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை பாதியாகக் குறையும்.

அரிசோனாவில் நர்ஸ் பிராக்டிஷனருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. நோயாளியைப் பார்க்கலாம், நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம். எந்த டாக்டரின் கையெழுத்தும் வேண்டாம். டெக்சாஸில் அப்படியில்லை. ஒரு டாக்டருடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும். 2013-இல் வந்த சட்டம் இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தது. இருவரும் மாதம் ஒருமுறை கலந்து பேச வேண்டும், சில நோயாளிகளின் குறிப்புகளை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு வெளியே பொதுவாக ஒரு டாக்டர் முழுநேரக் கணக்கில் ஏழு பேருக்கு மேல் இந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. அதனால் நல்ல மனநல டாக்டர்களிடம் இடம் கிடைப்பதே சிரமம். சிலர் இதற்கு மாதாமாதம் பணமும் கேட்கிறார்கள்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ளதால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை அமெரிக்காவில் ஐந்து அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறார்கள். கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள் இரண்டாம் அட்டவணையில் வருகின்றன. ஃபீனிக்ஸ் கிளினிக்கில் உங்கள் மகள் இவற்றைத் தானே எழுதியிருப்பார். டெக்சாஸில் சாதாரண கிளினிக்கில் இருந்துகொண்டு எழுத முடியாது. மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் தங்கும்படி சேர்த்த நோயாளி, அவசர சிகிச்சைப் பிரிவு, இறுதிக்காலப் பராமரிப்பு இந்த மூன்று இடங்களில் மட்டும்தான் அனுமதி. மூன்று முதல் ஐந்து வரையுள்ள அட்டவணை மருந்துகளை எழுதலாம், ஆனால் ரீஃபில் (அதே சீட்டில் மறுபடி வாங்குவது) சேர்த்து 90 நாளைத் தாண்டக்கூடாது. பதற்றத்துக்குக் கொடுக்கும் குளோனாசெபாம், போதைப் பழக்கத்திலிருந்து மீளக் கொடுக்கும் புப்ரனார்ஃபின் போன்றவை இதில் வரும். மன அழுத்த மாத்திரைகள், லித்தியம் இவை அட்டவணைக்குள்ளேயே வராதவை, அவற்றுக்கு இந்தத் தடை கிடையாது.

யோசித்துப் பாருங்கள். பத்து வயதுப் பையனை ஒரு தாய் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு மணி நேரம் பேசி, பள்ளி அறிக்கையைப் பார்த்து, என்ன மருந்து வேண்டும் என்று உங்கள் மகள் முடிவெடுக்கிறார். ஆனால் மருந்தை எழுத டாக்டரைத் தேட வேண்டும். அந்த டாக்டர் அதே கட்டடத்தில் இருந்தால் பத்து நிமிட வேலை. வேறு ஊரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை மட்டும் பேசுகிறவராக இருந்தால் அந்தக் குடும்பம் நாள்கணக்கில் காத்திருக்கும். குழந்தைகள் மனநலத்தில் அவருக்கு விருப்பம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வழிகாட்டிய ஒரு பெண் இப்படித்தான் முழுச் சுதந்திரம் உள்ள மாநிலத்திலிருந்து டெக்சாஸுக்குப் போனார். "டாக்டரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கிளினிக்கில் சொன்னார்கள். நானும் அதை நம்பி அதற்குமேல் கேட்கச் சொல்லவில்லை. லைசென்ஸ் நேரத்துக்கு வந்தது. வேலைக்குச் சேரும் வாரத்தில் அந்த டாக்டர் விலகிவிட்டார். இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதன் பிறகு யார் கேட்டாலும் ஒன்றை விடாமல் சொல்கிறேன்: வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டர் யார் என்று கேட்டு, அவரிடம் நேரில் அல்லது வீடியோவில் பேசிவிட வேண்டும். அவர் மனநல டாக்டர்தானா, ஏற்கனவே எத்தனை பேரைப் பார்க்கிறார், இரண்டாம் அட்டவணை மருந்து தேவைப்பட்டால் எப்படி எழுதித் தருவார், அவர் விலகினால் மாற்று யார், அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை யார் கட்டுவது என்று எல்லாவற்றையும் கேட்கலாம். இதைக் கேட்க மகள் தயங்குவார், நம் பிள்ளைகளுக்கு அது பழக்கமில்லை. தயங்க வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். இப்போது பிப்ரவரி. நான்கு மாதம் இருக்கிறது, போதுமான அவகாசம்தான்.

அவருடைய ஆர்என் லைசென்ஸ் (பதிவுபெற்ற நர்ஸ் என்ற அடிப்படை லைசென்ஸ்) பல மாநிலங்களில் செல்லும் மல்ட்டிஸ்டேட் வகையா என்று, நர்ஸ் லைசென்ஸ்களைச் சரிபார்க்கும் நர்சிஸ் (Nursys) இணையதளத்தில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இலவசமாகவே பார்க்கலாம். அரிசோனாவும் டெக்சாஸும் நர்ஸ் லைசென்ஸ் காம்பாக்ட் என்ற உடன்படிக்கையில் இருப்பவை. மல்ட்டிஸ்டேட் என்று இருந்தால் அதே ஆர்என் லைசென்ஸ் டெக்சாஸிலும் செல்லும். ஆனால் நிரந்தர வீட்டை டெக்சாஸுக்கு மாற்றிவிட்டால் 60 நாளுக்குள் அங்கே ஆர்என் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு டெக்சாஸ் நர்ஸ் சட்டம் பற்றி இணையத்திலேயே எழுதும் ஒரு சின்னத் தேர்வு உண்டு. பயப்படும் தேர்வு இல்லை.

இந்தக் காம்பாக்ட் ஆர்என் லைசென்ஸுக்குப் பொருந்தும், நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்குப் பொருந்தாது. பலர் இங்கேதான் ஏமாந்துவிடுகிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்கு என்று தனியாக ஒரு உடன்படிக்கையை 2020-இல் உருவாக்கினார்கள், ஏழு மாநிலங்கள் சேர்ந்தால்தான் அது உயிர்பெறும். இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் நர்ஸ்களுக்கு லைசென்ஸ் தரும் டெக்சாஸ் நர்ஸ் போர்டில் நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்கு அவர் புதிதாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். வீடு மாறும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போடலாம். மருந்து எழுதும் அதிகாரத்தையும் அதே விண்ணப்பத்தோடு கேட்டுவிடலாம். படித்த பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) போக வேண்டும், ஏஎன்சிசி தன் சான்றிதழை நேராகப் போர்டுக்கு உறுதிசெய்ய வேண்டும். கடந்த இரண்டு வருடத்தில் குறைந்தது 400 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. முழுநேரம் வேலை பார்க்கிறவருக்கு இது கவலையே இல்லை. ஆனால் மாற்றத்துக்கு நடுவே குழந்தை, ஓய்வு என்று இரண்டு வருடம் இழுத்துவிட்டால் இதே விதி இடிக்கும்.

மருந்து எழுதும் அதிகாரம் கிடைத்த பிறகுதான் டிஇஏ எண்ணுக்குப் போக வேண்டும். இந்த வரிசை முக்கியம். டிஇஏ என்பது அட்டவணை மருந்துகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு, அதன் பதிவு மாநிலத்தோடு கட்டப்பட்டது. அரிசோனா நோயாளிகளை முழுதாக விட்டுவிட்டு வருகிறார் என்றால் இருக்கிற எண்ணின் முகவரியை டெக்சாஸுக்கு மாற்றலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டு மாநிலத்திலும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறார் என்றால் இரண்டாவது பதிவு வேண்டும், மூன்று வருடத்துக்கு 888 டாலர். நியூ ஜெர்சி போன்ற இடங்களில் மாநிலமும் தனியாக ஒரு மருந்துப் பதிவு கேட்கும். டெக்சாஸ் அதை 2016-இல் எடுத்துவிட்டது, அந்த வகையில் ஒரு வேலை மிச்சம்.

வீடியோவில் பார்க்கலாமே என்று மருமகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் லைசென்ஸ் என்பது நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது, நர்ஸ் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது அல்ல. டாலஸ் வீட்டிலிருந்து அரிசோனாவின் டூசான் நகரில் இருப்பவரைப் பார்க்க அரிசோனா லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். அதை அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம், காப்பீட்டு நிறுவனங்கள். லைசென்ஸ் வந்த மறுநாளே சம்பாதிக்க ஆரம்பிக்கலாம் என்று நினைத்துவிடக்கூடாது. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் அவரைத் தன் பட்டியலில் சேர்க்க மூன்று, நான்கு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதுவரை கிளினிக் அடிப்படைச் சம்பளம் கொடுக்குமா, பார்த்த நோயாளி கணக்குக்கு மட்டும்தான் கொடுக்குமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பழைய வேலையில் இருந்த தொழில் காப்பீடு, வேலையை விட்ட பிறகு வரும் வழக்குகளுக்கும் பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்களால் இங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். நிறைய செய்யலாம். முதல் வேலை பெயர். நம் ஊர்ச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர் அவருடைய குடும்பப் பெயராக ஆகியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். ஆர்என் லைசென்ஸில் ஒன்று, ஏஎன்சிசியில் ஒன்று, டிஇஏவில் ஒன்று என்று இருந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். மற்ற எந்தக் காரணத்தையும்விட இதனால்தான் நம் பிள்ளைகளின் கோப்புகள் தேங்குவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழின் சான்றளித்த நகல் இரண்டு எடுத்து அனுப்பிவையுங்கள்.

அடுத்தது, வெளிநாட்டில் படித்தவர்களிடம் சில மாநிலங்கள் பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் விவரத்தைப் பல வருடம் கழித்தும் திரும்பக் கேட்கும். கலிஃபோர்னியா இதில் மிகவும் கறார். எந்தப் பாடத்தின் வகுப்பும் அதன் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்தனவா என்றுகூடப் பார்ப்பார்கள். நாளைக்கு மருமகனுக்கு எந்த ஊரில் வேலை மாறும் என்று யாருக்குத் தெரியும்? மகள் படித்த கல்லூரிக்கு ஒருமுறை போய், மதிப்பெண் பட்டியலும் பயிற்சி மணிநேர விவரமும் சீல் வைத்த உறையில் எப்படி வாங்குவது, யார் கையெழுத்திடுவார் என்று விசாரித்து வையுங்கள். கவுன்சில் பதிவு எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நேரில் ஒருவர் போனால் சீக்கிரம் நடக்கும் வேலை இது.

கடைசியாக ஒன்று, இதை மகளிடம் நேராகவே படித்துக்காட்டுங்கள். ஃபீனிக்ஸில் அவரை நம்பி வரும் நோயாளிகளுக்கு இப்போதே சொல்லிவிட வேண்டும். மனநல நோயாளிக்குத் தன் நர்ஸ் திடீரென்று இல்லாமல் போவது சாதாரண இழப்பு இல்லை. லித்தியம் எடுப்பவரின் ரத்தப் பரிசோதனை நாள், குளோனாசெபாம் குறைத்துக்கொண்டு வருபவரின் அடுத்த அளவு, தற்கொலை எண்ணம் வந்து மீண்டவரின் அவசர எண்கள், இவற்றை அடுத்து வருபவரிடம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதற்கு ஆறு வாரமாவது வேண்டும். எனவே கிளினிக்கில் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் தேதியை இந்தக் கணக்கிலிருந்து முடிவு செய்யட்டும், டாலஸ் வேலை சேரும் தேதியிலிருந்து அல்ல.

ஏப்ரல் முதல் வாரத்தில் டெக்சாஸ் போர்டிலிருந்து என்ன பதில் வந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். எந்தக் காகிதம் இல்லை என்று கேட்டிருக்கிறார்களோ அதை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் நாம் சேர்ந்து பார்க்கலாம்.