சிறப்புத் தேவையுள்ள குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பது: தாய்மார்களின் கேள்விகளும் பதில்களும்

மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்படாத நிலை) உள்ள மகனைப் பெற்று வளர்க்கிறேன். டவுன் சின்ட்ரோம் (குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) உள்ள மகளைத் தத்தெடுத்து வளர்க்கிறேன். தத்தெடுக்க முன்வரும் குடும்பங்களோடு பல ஆண்டுகளாகப் பேசியும் வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இங்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒரு குழந்தைக்கு என்ன சிகிச்சை என்பதை அந்தக் குழந்தையை நேரில் பார்த்த மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி): தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறோம். சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்றால் விரைவில் கிடைக்கும் என்கிறார்கள். அந்தப் பிரிவுக்கு மாறலாமா?

பதில்: விரைவில் கிடைக்கும் என்பது உண்மைதான். மற்றக் குழந்தைகளுக்குப் பதிவு மூப்பின்படி காத்திருக்க வேண்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் விவரங்களையோ, வீட்டாய்வு (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து குடும்பத்தை மதிப்பிடுவது) முடிந்த பெற்றோர் காராவின் இணையதளத்திலேயே பார்த்துத் தெரிவு செய்ய முடியும். ஆனால் காத்திருந்து சலித்துப்போனது மட்டுமே காரணம் என்றால் மாற வேண்டாம் என்றே சொல்வேன். குறுக்கு வழியில் கிடைத்த பிள்ளை என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் தங்கிவிட்டால், முதல் மருத்துவமனை வாசத்திலேயே அது மனக்கசப்பாக மாறிவிடும்.

வேறு காரணமும் இருக்கிறதென்றால், முதலில் அந்தப் பிரிவு எவ்வளவு விரிந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தை அதில் இருக்கும். அதற்கான அறுவை சிகிச்சையைப் பிறந்த சில மாதங்களிலேயே செய்துவிடலாம். வளைபாதம், அதாவது பாதம் உள்நோக்கி வளைந்து பிறந்த குழந்தை இருக்கும். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, பிறகு நான்கு வயது வரை இரவில் சிறப்புக் காலணி அணிவித்தால் பெரும்பாலான குழந்தைகள் ஓடியாடுவார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ள குழந்தை இருக்கும். நாள் தவறாமல் மருந்து எடுத்துக்கொண்டால் படித்து, வேலைக்குப் போய், முதுமை வரை வாழ முடியும். வாழ்நாள் முழுவதும் ஒருவர் தூக்கி அமர்த்தி ஊட்ட வேண்டிய குழந்தையும் அதே பிரிவில்தான் இருக்கும். ஆகவே "சிறப்புத் தேவை எங்களுக்குச் சம்மதம்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை.

குழந்தையின் மருத்துவப் பரிசோதனை அறிக்கையை உங்களுக்கு நம்பிக்கையான குழந்தை நல மருத்துவரிடம் காட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பிறந்த எடை, தலைச் சுற்றளவு, வலிப்பு வந்ததா, இதயத்துக்கு எக்கோ (ஒலி அலை ஸ்கேன்) எடுத்தார்களா, காது கேட்கும் சோதனை நடந்ததா என்ற விவரங்களைக் கேளுங்கள். பரிசோதிக்கவில்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் வேறு வேறு. அதன் பிறகு கணவனும் மனைவியும் தனித்தனியாக உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்கள்: இந்தக் குழந்தையின் நிலை இன்றிருப்பதைவிட மேம்படாமலே போனாலும் இது எங்கள் பிள்ளை என்று சொல்வோமா? இருவரின் பதிலும் ஒன்றாக இருந்தால் மேலே செல்லுங்கள்.

கேள்வி (மதுரை ஆசிரியை): எனக்கு 43 வயது, திருமணம் ஆகவில்லை. காது கேளாத ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறேன். முடியுமா அம்மா?

பதில்: தத்தெடுக்கலாம், ஆனால் கைக்குழந்தையாக இருக்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, தனித்து வாழும் ஒருவர் இரண்டு வயது வரையுள்ள குழந்தையைத் தத்தெடுக்க 40 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 45 வரையும், நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைக்கு 50 வரையும் அனுமதி உண்டு. பெண் என்பதால் ஆண் குழந்தை, பெண் குழந்தை இரண்டுமே உங்களுக்குத் தடையில்லை.

காது விஷயத்தில் காலம் மிக முக்கியம். காது நரம்பைத் தூண்டி ஒலியை உணரச் செய்யும் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை சிறு வயதிலேயே நடந்தால்தான் பேச்சு நன்றாக வரும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி உண்டு. கருவி பொருத்திய பிறகு ஆண்டுக்கணக்கில் கேட்டல் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடர வேண்டும் என்பதால், பள்ளி நேரத்தில் குழந்தையோடு யார் போவார் என்பதை வீட்டாய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் கேட்கும் முன்பே முடிவு செய்து வையுங்கள்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய்): என் ஆறு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். எங்கள் காலத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று மாமியார் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன அக்கா?

பதில்: அந்தக் காரணத்துக்காகத் தயவுசெய்து எடுக்காதீர்கள், தங்கை. ஒரு வீட்டுக்கு மகளாக வரும் குழந்தைக்கு வந்த நாளிலேயே வாழ்நாள் வேலை ஒன்று ஒதுக்கப்பட்டிருப்பது நியாயமே இல்லை. அதுவும் ஏன் பெண் குழந்தை என்று மாமியாரிடமே பணிவாகக் கேட்டுப் பாருங்கள். 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிவந்ததே, பெண்ணாகப் பிறந்தது சுமை என்று எண்ணிய வீடுகளால்தான். அப்படிக் கைவிடப்பட்டு வரும் ஒரு பெண் குழந்தையை இன்னொரு வீடு பணிவிடைக்காக ஏற்றுக்கொண்டால், அவளுக்கு நடந்த அநீதி வேறு வடிவில் தொடர்கிறது என்றுதான் பொருள்.

உங்களுக்கே இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தால் அது வேறு விஷயம். ஒரு குழந்தை இருப்பது தத்தெடுக்கத் தடையில்லை. இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான், உறவினர் குழந்தைகள் நீங்கலாக, சிறப்புத் தேவையுள்ளவர்களும் எளிதில் பெற்றோர் அமையாதவர்களும் மட்டும் என்று விதி சுருங்குகிறது. என் மகள் வந்தபோது அண்ணனுக்கு அவள் துணை என்று உறவினர்கள் சொன்னார்கள். இருவரும் சண்டை போடுகிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்கள். அவளுக்கும் எங்கள் துணை வேண்டும், அவனுக்கும் வேண்டும். பாசம் வளர்ந்தால் அதை அவர்கள் விருப்பமாகவே விட்டுவைக்க வேண்டும்.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு தாய்): டவுன் சின்ட்ரோம் உள்ள ஒன்றரை வயதுப் பெண் குழந்தை மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இன்னும் நிற்கவில்லை. அவளிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்: உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒன்றரை வயதில் நிற்காதது டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் வழக்கமாகக் காண்பதே. தசைத் தளர்வு காரணமாகப் பலரும் இரண்டு வயதை ஒட்டியோ அதற்குப் பின்னரோதான் நடக்கிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், இந்தக் குழந்தைகளுக்கென்றே உள்ள வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

எதிர்பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கிறது. வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும் எக்கோ எடுத்திருக்க வேண்டும். தைராய்டு அளவை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவது இவர்களிடம் சாதாரணம்; சொன்னதைக் கேட்பதில்லை, பிடிவாதம் என்று வீட்டார் பழி சொல்லும் பல குழந்தைகளுக்கு உண்மையில் காது சரியாகக் கேட்பதில்லை. கண்ணையும் பரிசோதியுங்கள். பேச்சு வரும்வரை கைச்சைகைகளைக் கற்றுக்கொடுங்கள்; சைகை பழகினால் பேச்சு வராது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது சரியல்ல. "வேண்டும்", "போதும்", "தண்ணீர்" என்று கையால் கேட்கத் தெரிந்த குழந்தைக்கு அழுகை குறைகிறது, பேசும் ஆவலும் கூடுகிறது.

இனி எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 1983 இல் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். இன்று அங்கே சுமார் 60. குரோமோசோம் மாறவில்லை, இதய அறுவை சிகிச்சை வந்தது, விடுதிகளில் ஒதுக்கி வைப்பது குறைந்தது, பள்ளிகள் திறந்தன. இவ்வளவு பெரிய மாற்றத்தைப் பெரியவர்களின் முடிவுகளே கொண்டுவந்திருக்கின்றன என்பதைத்தான் நான் மனம் சோரும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன். அவள் எத்தனையாம் வகுப்பு வரை படிப்பாள் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தானாகச் சாப்பிடுவாள், உடை மாற்றுவாள், வீட்டாரைப் பெயர் சொல்லி அழைப்பாள், தன் விருப்பத்தைத் தெரிவிப்பாள் என்பவற்றைத் துணிந்து எதிர்பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு எதிர்பார்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கான பயிற்சியைக் குளியல், சாப்பாடு, விளையாட்டு என்று அன்றாடத்துக்குள்ளேயே கலந்துவிடுங்கள். உங்களுக்கு முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் எட்டும் தொலைவில் இருக்கிறது. அங்கே ஆரம்பநிலைப் பயிற்சிப் பிரிவு உண்டு.

கேள்வி (சேலம்): எங்கள் தத்து மகனுக்கு நான்கு வயது, கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து இல்லத்திலேயே இருந்தவன். முகம் பார்ப்பதில்லை, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறான், சோற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். ஆட்டிசமா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல குழந்தைகளுக்கு ஒரே ஆயா என்ற சூழலில் வளர்ந்தவர்களிடம் நீங்கள் சொல்லும் மூன்றையும் ஆட்டிசம் இல்லாமலே காணலாம். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன் போனவர்களிடம் பலன் அதிகமாக இருந்தது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டி வந்திருக்கிறான் என்பதால் பொறுமை கூடுதலாகத் தேவைப்படும்.

சோற்றை ஒளித்து வைப்பதற்காக ஒருபோதும் திட்டாதீர்கள். மூடியுள்ள ஒரு டப்பாவில் பிஸ்கட்டோ கடலை மிட்டாயோ போட்டு, அது அவனுடையது, தீரத் தீர நிரப்பப்படும் என்று காட்டுங்கள். முதல் மாதங்களில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் பெற்றோர் இருவர் மட்டுமே செய்யட்டும். பாட்டி வருத்தப்பட்டாலும் சில காலம் பொறுக்கச் சொல்லுங்கள். வளர்ச்சி மதிப்பீட்டை இப்போதே ஒருமுறை செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் உங்களுக்கு நிறையச் சொல்லும். பேச்சுப் பயிற்சியை மட்டும் மதிப்பீட்டின் முடிவுக்காகக் காத்திருக்க விடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): ஸ்டெம் செல் (மூல உயிரணு) ஊசி போட்டால் மூளை முடக்குவாதம் உள்ள என் மகன் நடப்பான் என்கிறார்கள். நகையை விற்கவும் தயாராக இருக்கிறேன்.

பதில்: விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் சிகிச்சை சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட நிலைகளுக்கு மட்டுமே உரியது. மூளை முடக்குவாதத்துக்கு அதை முறையான ஆய்வாக மட்டுமே செய்யலாம், அந்த ஆய்வில் சேருபவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. தாயின் ஆசையை விலை பேசுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அந்தப் பணம் பிசியோதெரபிக்கும், பொருத்தமான சக்கர நாற்காலிக்கும், குளியலறைக் கைப்பிடிக்கும் போகட்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): அறிவுத்திறன் குறைபாடுள்ள மகளிடம் தத்தெடுத்ததைச் சொல்ல வேண்டுமா? புரியப் போவதில்லையே.

பதில்: சொல்ல வேண்டும். எவ்வளவு புரியும் என்பதை நாம் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது. கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் வாயிலிருந்து வருவதை அவள் அப்படியே பிடித்துக்கொள்வாள். அவள் வீட்டுக்கு வந்த நாளின் படங்களை ஒரு ஆல்பமாக வைத்து, "இங்கேதான் நீ முதலில் இருந்தாய், அப்பாவும் அம்மாவும் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வந்தோம்" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். உறவினர்கள் அவள் முன்னால் "பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்கள்" என்று சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள். பிள்ளையை வளர்ப்பதற்குப் புண்ணியக் கணக்கு எதற்கு?

கேள்வி (நாகர்கோவில்): எங்கள் மகனுக்கு 16 வயது, அறிவுத்திறன் குறைபாடும் மூளை முடக்குவாதமும் உண்டு. எனக்கு ஒரு நாள் முன்னால் அவன் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படி நினைப்பது பாவமா?

பதில்: பாவமில்லை, அம்மா. எங்கள் தாய்மார் கூட்டங்களில் இதை வாய்விட்டுச் சொல்லாதவர்களே குறைவு. உங்களுக்குப் பிறகு அவனுக்கு யாரும் இல்லை என்ற பயம்தான் அந்த வேண்டுதலாக வருகிறது. பயத்தைக் குறைக்கச் சில காரியங்களைச் செய்ய முடியும், அவற்றை இந்த ஆண்டே தொடங்குங்கள்.

மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அவன் தகுதி பெறுகிறானா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்கள் சேரலாம்.

18 வயது நிறைந்ததும் சட்டத்தின் பார்வையில் அவன் பெரியவன். பெற்ற தாய், தத்தெடுத்த தாய் யாராக இருந்தாலும் தானாகவே பாதுகாவலராகத் தொடர முடியாது. 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். உங்களுக்குப் பின் யார் அந்தப் பொறுப்பை ஏற்பார் என்று இப்போதே ஒருவரிடம் வெளிப்படையாகப் பேசிச் சம்மதம் வாங்குங்கள். சொத்தை நேரடியாக அவன் பெயரில் எழுதாமல், அவன் நலனுக்கான தனி அறக்கட்டளையாக அமைப்பது பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

காகிதங்களோடு இன்னொன்றும் செய்யுங்கள். மாதத்தில் ஓர் இரவாவது நீங்கள் இல்லாமல், அவனுக்குப் பழக்கமான சித்தி வீட்டிலோ பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்துபவர்களின் தங்குமிடத்திலோ அவன் தங்கட்டும். அவன் எதைச் சாப்பிடுவான், எப்படித் தூக்க வேண்டும், வலித்தால் எப்படிக் காட்டுவான், என்ன மருந்து, எந்தப் பாட்டுக்கு அமைதியாவான் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, அந்த வீட்டிலும் ஒரு படி கொடுத்து வையுங்கள்.